சமூக ஆரோக்கிய ஆய்வுக்குப் பெயர் கொடுக்குமுன்: புதியவர்களுக்கான வழிகாட்டி

கதவைத் தட்டி இரண்டு பேர் நிற்கிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், தோளில் பி.பி. கருவி வைத்த பை. “இந்தப் பகுதியில் ஒரு ஆரோக்கிய ஆய்வு நடக்கிறது, உங்கள் வீடு தேர்வாகியிருக்கிறது” என்கிறார்கள். சரி என்பதா, வேண்டாம் என்பதா? சரி என்றால் அடுத்து என்ன செய்வார்கள், நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

இது சிகிச்சை அல்ல

இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் உங்களைப் பரிசோதிப்பது உங்களுக்காக. ஆய்வாளர் பரிசோதிப்பது உங்களைப் போன்ற ஆயிரம் பேரைப் பற்றித் தெரிந்துகொள்வதற்காக. இரண்டும் அதே ஊசி, அதே வெள்ளைக் கோட்டோடு நடப்பதால்தான் குழப்பம் வருகிறது. “ஆய்வில் ரத்தம் எடுத்தார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அப்படியானால் எனக்கு ஒன்றுமில்லை” என்று வழக்கமான பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த ரத்தம் மைனஸ் 80 டிகிரி உறைகலனில் மாதக்கணக்கில் கிடந்து, எல்லாருடைய மாதிரிகளும் சேர்ந்த பிறகுதான் மொத்தமாகச் சோதிக்கப்படலாம். உங்கள் வழக்கமான வைத்தியம் அதன் பாட்டுக்கு நடக்கட்டும்.

பிறகு இதனால் யாருக்குப் பயன்? 1948-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 30 முதல் 62 வயது வரையுள்ள 5,209 பேர் ஓர் இதய நோய் ஆய்வில் சேர்ந்தார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து பரிசோதித்துக்கொண்டு போனார்கள். உயர் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகை ஆகியவை மாரடைப்போடு எப்படிச் சேர்ந்து வருகின்றன என்பது பெருமளவு அவர்களிடமிருந்து தெரிந்துகொண்டதுதான். சேர்ந்தவர்களில் பலருக்கு அதனால் நேரடியாக எதுவும் கிடைத்திருக்காது.

எந்த வகை ஆய்வு என்று கேளுங்கள்

ஒரே ஒருமுறை வந்து கேள்வி கேட்டு, அளவெடுத்துப் போவது சர்வே. உங்களுக்கு ஒரு மணி நேர வேலை. வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்து பார்ப்பது தொடர் ஆய்வு. மருந்து, தடுப்பூசி, பயிற்சி என்று ஏதாவது ஒன்றைக் கொடுத்துப் பார்த்தால் அது சோதனை ஆய்வு. கவனமாக யோசித்துச் சேர வேண்டியது இது. பத்துப் பேரை உட்காரவைத்துப் பேசவிடும் குழு உரையாடலும் உண்டு. அதில் ஓர் ஓட்டை இருக்கிறது: ஆய்வாளர் ரகசியம் காப்பார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காப்பார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வெளியே தெரியக்கூடாத சொந்த விஷயத்தை அங்கே பேச வேண்டாம்.

ஏன் என் வீடு? பக்கத்து வீட்டில் கேட்கக் கூடாதா?

கூடாது. வீடுகளைக் குலுக்கல் முறையில் எடுத்திருப்பார்கள். நீங்கள் மறுத்ததும் வீட்டில் சும்மா இருக்கும் அடுத்தவரைச் சேர்த்துக்கொண்டால், பகலில் வீட்டில் இருப்பவர்களின் ஆரோக்கியம்தான் கணக்கில் வரும். வேலைக்குப் போகிறவர்கள் காணாமல் போவார்கள். வீட்டுக்குள்ளும் இதே விதிதான். “அடுத்து யாருக்குப் பிறந்தநாள் வருகிறதோ அவரிடம் பேச வேண்டும்” என்று கேட்டால் விளையாட்டில்லை, அதுவும் ஒரு குலுக்கல் முறை. அவர் இல்லாத நேரத்தில் அவருக்காக நீங்கள் பதில் சொல்லாமல், எப்போது வந்தால் அவரைப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

பிரிட்டனில் யூ.கே. பயோபேங்க் என்ற ஆய்வுக்கு 2006 முதல் 2010 வரை 40-69 வயதினரில் ஐந்து லட்சம் பேர் சேர்ந்தார்கள். கேட்க மிகப் பெரிய எண். ஆனால் அழைப்பு போனவர்களில் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 5.5 சதவீதம்தான். சேர்ந்தவர்கள் சராசரி மக்களைவிட ஆரோக்கியமானவர்களாகவும் வசதியானவர்களாகவும் இருந்தார்கள் என்பது பிறகு தெரியவந்தது. எனவே “எனக்குத்தான் உடம்பே சரியில்லையே, நான் எதற்கு” என்றோ “எனக்கு ஒரு நோயும் இல்லையே” என்றோ ஒதுங்க வேண்டாம். இரண்டு பேருமே தேவை.

வந்தவர்கள் உண்மையானவர்களா

அடையாள அட்டையை மட்டும் நம்பிவிட வேண்டாம், அதை யாரும் அச்சடிக்கலாம். எந்த நிறுவனம், எந்த நெறிமுறைக் குழு (ஆய்வு பங்கேற்பவர்களுக்கு நியாயமானதா, பாதுகாப்பானதா என்று பார்க்கும் குழு) அனுமதி கொடுத்தது, அனுமதி எண் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் கொடுக்கும் நம்பருக்கு அல்ல, நீங்களே தேடி எடுத்த நிறுவனத்தின் நம்பருக்குப் போன் செய்து சரிபாருங்கள். சோதனை ஆய்வு என்றால் பொதுப் பதிவேட்டில் அதன் பதிவு எண் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் தேடுதளத்தில் பல நாடுகளின் பதிவேடுகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். பயணச் செலவை அனுப்ப வங்கிக் கணக்கு எண் கேட்கலாம். ஓ.டி.பி., ஏ.டி.எம். பின், கார்டின் பின்பக்க எண் ஆகியவை எந்த ஆய்வுக்கும் வேண்டாம். பங்கேற்க நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஒப்புதல் படிவம்: அவசரப்படக் கூடாத இடம்

“இங்கே ஒரு கையெழுத்து போடுங்கள், எல்லாம் வழக்கமானதுதான்” என்று பக்கத்தைத் திருப்புகிறவரிடம் பேனாவை வாங்காதீர்கள். இந்தப் படிவம் சும்மா வந்ததல்ல. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் பற்றிய ஆய்வு நடந்தது. அவர்களில் 399 பேருக்கு நோய் இருந்தது. உண்மையான நோக்கத்தை அவர்களுக்குச் சொல்லவில்லை. பெனிசிலின் வழக்கமான சிகிச்சையாக வந்த பிறகும் கொடுக்கவில்லை. உலக மருத்துவச் சங்கம் 1964-இல் வெளியிட்ட ஹெல்சிங்கி பிரகடனமும் அதன் பின் வந்த விதிகளும் சொல்வதன் சாரம்: விவரம் தெரிந்து, வற்புறுத்தல் இல்லாமல், நீங்களே சம்மதிக்க வேண்டும்.

படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாம். ஒரு நாள் அவகாசம் கேட்டால் நல்ல குழு முகம் சுளிக்காது. இவற்றைத் தேடிப் பாருங்கள்: மொத்தம் எத்தனை முறை வர வேண்டும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம், எத்தனை மில்லி ரத்தம், என்ன அபாயம், பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, பாதியில் நின்றால் அதுவரைக்கான பயணப்படி உண்டா. பயணப்படியும் இழந்த வேலை நேரத்துக்கான தொகையும் நியாயம். ஆனால் செய்யும் வேலைக்குப் பொருந்தாத பெரிய தொகை என்றால், எதற்காக இவ்வளவு என்று கேளுங்கள்.

பலர் தாண்டிப் போகும் பகுதி மாதிரி சேமிப்பு. மீதி ரத்தத்தை எதிர்கால ஆய்வுக்கு வைத்துக்கொள்ளலாமா, மரபணுச் சோதனை செய்யலாமா, வேறு நாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாமா, கம்பெனிகளுக்குக் கொடுக்கலாமா என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கலாம். ஒன்றுக்கு ஆம், இன்னொன்றுக்கு இல்லை என்று டிக் செய்ய இடமுண்டா என்று கேளுங்கள். மரபணுத் தகவல் உங்களோடு நிற்பதில்லை, அண்ணன் தம்பி, பிள்ளைகளையும் பற்றிப் பேசும்.

“உங்கள் பெயர் வெளியே வராது” என்ற வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டு எண் போட்டு, எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் தனியாகப் பூட்டி வைப்பது. இன்னொன்று, அந்தத் தொடர்பையே அறுத்துவிடுவது. இரண்டாவதில் ரகசியம் அதிகம். ஆனால் நாளை “என் மாதிரியை அழித்துவிடுங்கள்” என்றால் எது உங்களுடையது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சோதனையில் ஏதாவது தெரியவந்தாலும் உங்களிடம் சொல்ல முடியாது. எது நடக்கப்போகிறது என்று கேட்டு வையுங்கள். ரகசியத்துக்கும் எல்லை உண்டு: சில தொற்றுநோய்கள், குழந்தை மீதான கொடுமை ஆகியவற்றைத் தெரியப்படுத்தச் சட்டம் சொல்லலாம்.

உங்கள் சம்மதத்தை வேறு யாரும் தர முடியாது. கணவன் மனைவிக்காக, மனைவி கணவனுக்காகப் போடும் கையெழுத்து செல்லாது. ஊர்த் தலைவர் அனுமதித்தார் என்றால் ஆய்வாளர்கள் ஊருக்குள் வரலாம் என்றுதான் அர்த்தம். படிக்கத் தெரியாதவருக்குப் படிவத்தை முழுதாக வாசித்துக் காட்ட வேண்டும். ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாகக் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். குழந்தைக்குப் பெற்றோர் சம்மதிக்கலாம், ஆனாலும் விவரம் புரியும் வயதுப் பிள்ளை “வேண்டாம்” என்றால் அதற்கும் மதிப்புண்டு.

கையெழுத்தான பிறகு ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். அதில் ஆய்வாளர் நம்பர், நெறிமுறைக் குழு நம்பர் இரண்டும் இருக்கிறதா பாருங்கள். புகார் போக வேண்டிய இடம் இரண்டாவது.

பரிசோதனைக்கு முதல் நாள் இரவு

வெறும் வயிற்றில் வரச் சொன்னால், பெரும்பாலும் 8 முதல் 12 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். தண்ணீர் குறைந்தால் நரம்பு கிடைக்காமல் இரண்டு மூன்று குத்து வாங்க நேரும். சர்க்கரை போடாத காபி பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் கூடாது, சூயிங் கம்மும் கூடாது. இன்சுலின் அல்லது சுகர் மாத்திரை எடுப்பவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். பட்டினியோடு மருந்தும் சேர்ந்தால் சுகர் இறங்கி மயக்கம் வரும். பி.பி. மாத்திரையை அன்று காலை போடுவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள், கேளுங்கள்.

சாப்பிடும் மருந்துகளின் அட்டைகளை அப்படியே எடுத்துப் போங்கள். “சின்ன வெள்ளை மாத்திரை” என்று படிவத்தில் எழுத முடியாது. எளிதில் மேலே ஏற்றக்கூடிய தளர்வான கை உள்ள உடை நல்லது.

மறந்துபோய் ஏதாவது சாப்பிட்டுவிட்டீர்களா? சொல்லிவிடுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று குறித்துக்கொள்வார்கள், அல்லது இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். மறைத்தால் அந்த எண் பொய்யென்று யாருக்கும் தெரியாது, கணக்கில் அப்படியே போய்ச் சேரும்.

அளவெடுக்கும்போது

பி.பி. எளிமையானது போலத் தெரியும்; அவசரத்தில் முதலில் கெடுவதும் அதுதான். முப்பது நிமிடம் முன்பிருந்து காபி, டீ, புகை, உடற்பயிற்சி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்க, இரண்டு பாதமும் தரையில் பட, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில். கையில் சுற்றும் பட்டை சட்டைமேல் அல்ல, தோல்மேல். கை பருமனாக இருந்து பட்டை சிறிதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும், பெரிய பட்டை கேளுங்கள். பட்டை இறுகும்போது பேசாதீர்கள். கேள்வி கேட்டுக்கொண்டே அளவெடுக்கும் களப்பணியாளரைப் பார்த்தால் “இது முடியட்டும், பிறகு சொல்கிறேன்” என்று சொல்லத் தயங்க வேண்டாம். இரண்டு மூன்று முறை எடுப்பார்கள். முதல் அளவு சற்று அதிகமாக இருப்பது வழக்கம், கருவி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

இடுப்புச் சுற்றளவு எடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுப்பது எல்லாருக்கும் வரும் ஆசை. மூச்சை இயல்பாக வெளியே விட்டு நில்லுங்கள்.

ரத்தம் இரண்டு மூன்று குழாய்களில், 10 அல்லது 15 மில்லி எடுப்பார்கள். இரண்டு மூன்று டீஸ்பூன் அளவு. குழாய் மூடிகளின் நிறம் அழகுக்காக அல்ல. சுகர் பார்க்கப் பெரும்பாலும் சாம்பல் மூடி: ரத்த அணுக்கள் குழாய்க்குள்ளும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், சாதாரணக் குழாயில் அப்படியே வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். அதைத் தடுக்க இந்தக் குழாயில் மருந்து சேர்த்திருக்கிறார்கள். ஊசி எடுத்த பிறகு கையை மடக்காமல் நீட்டி வைத்து, பஞ்சை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மடக்கினால் உள்ளே ரத்தம் கசிந்து மறுநாள் நீலம் பாரிக்கும். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறவர் என்றால் முன்பே சொல்லிப் படுத்துக்கொள்ளலாம்.

24 மணி நேரச் சிறுநீர் சேகரிப்பு என்றால் பலருக்குச் சலிப்பு. ஒருவர் எவ்வளவு உப்பு சாப்பிடுகிறார் என்பதை நம்பகமாகச் சொல்வது இதுதான், ஏனென்றால் சாப்பிட்ட சோடியத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிறுநீரில்தான் வெளியேறுகிறது. முறை இப்படி: காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைச் சேர்க்காமல் விட்டு, மணியைக் குறியுங்கள், 6.30 என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் பகல், இரவு, ஒவ்வொரு துளியும் கேனுக்குள். மறுநாள் காலை அதே 6.30-க்குப் போவதையும் சேர்த்து மூடிவிடுங்கள். முதல் நாள் காலையினதையும் சேர்த்துவிட்டால் கணக்கு கூடிப்போகும், மறுநாள் காலையினதை விட்டால் குறைந்துபோகும். தவறுகிற இடங்கள் தெரிந்தவைதான்: வேலையிடத்தில் ஒருமுறை, மலம் கழிக்கும்போது கூடவே போனது, நடு இரவுத் தூக்கக் கலக்கம். கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டிவைப்பது உதவும். ஒருமுறை தவறியிருந்தால் தண்ணீர் ஊற்றி அளவைச் சரிக்கட்டாதீர்கள். சீட்டில் எழுதுங்கள், திரும்ப ஒருநாள் செய்யச் சொல்லலாம். கேனில் முன்பே அமிலமோ பொடியோ இருந்தால் அதைக் கொட்டவும் கூடாது, தொடவும் கூடாது.

இடுப்பிலோ மணிக்கட்டிலோ ஏழு நாள் கட்டிக்கொள்ளும் அசைவுமானி கொடுத்தால், அது இருக்கிறதே என்று கூடுதலாக நடக்காதீர்கள். குளிக்கும்போது கழற்றி, மறக்காமல் உடனே மாட்டுங்கள். குறைந்தது நான்கு நாள், நாளுக்குப் பத்து மணி நேரமாவது போட்டிருந்தால்தான் பல ஆய்வுகள் அந்தப் பதிவை எடுத்துக்கொள்கின்றன.

கேள்விகளுக்குப் பதில் சொல்வது

இது பரீட்சை அல்ல, நல்ல பதில் என்று ஒன்று கிடையாது. ஆனால் எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேட்டால் புகை குறையும், காய்கறி கூடும், மனித இயல்பு. ஒரு பகுதியில் எல்லாரும் குடியைப் பாதியாகச் சொன்னால், அங்கே குடி ஒரு பிரச்சினையே இல்லை என்று அறிக்கை வரும், அதற்கான உதவியும் வராது. சில ஆய்வுகளில் சிறுநீரிலோ உமிழ்நீரிலோ கோட்டினின் என்ற பொருளைப் பார்ப்பார்கள்; நிகோட்டின் உடம்பில் மாறி வருவது அது, புகையை அதுவே காட்டிக்கொடுக்கும்.

கேள்வியில் வரும் காலத்தைக் கவனியுங்கள். “கடந்த 7 நாட்களில்” வேறு, “வழக்கமாக” வேறு. போன வாரம் காய்ச்சலில் படுத்துக் கிடந்து நடக்கவே இல்லை என்றால் முதல் கேள்விக்குப் பதில் பூஜ்யம்தான்.

நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்ற கேள்வியில் பெரிய பதார்த்தங்களை யாரும் மறப்பதில்லை. விட்டுப்போவது சமைக்கும்போது ருசி பார்த்தது, டீயில் போட்ட சர்க்கரை, மேலே ஊற்றிய எண்ணெய், இரண்டு வேளைக்கு நடுவே கொறித்தது. காலையிலிருந்து எங்கே இருந்தோம், யாரோடு இருந்தோம் என்று வரிசையாக நினைத்துப் பாருங்கள், சாப்பாடும் கூடவே நினைவுக்கு வரும். “ஒரு கப்” என்று சொல்லாமல், வீட்டில் பயன்படுத்தும் அந்தக் கப்பையே எடுத்துக் காட்டுங்கள்.

மனச்சோர்வு, வீட்டு வன்முறை, பாலுறவு பற்றிய கேள்விகள் வந்தால் தனியிடம் கேட்பது உங்கள் உரிமை. மாமியாரோ பிள்ளையோ கேட்டுக்கொண்டிருந்தால் உண்மை வராது, உங்களுக்கும் ஆபத்து. “சொல்ல விருப்பமில்லை”, “தெரியாது” இரண்டும் முழுமையான பதில்கள். இட்டுக்கட்டிய பதிலைவிட ஆயிரம் மடங்கு மேல். நாற்பது நிமிடம் ஆகும் என்று சொன்ன கேள்வித்தாளைப் பத்தே நிமிடத்தில் முடித்துக்கொண்டு ஒருவர் கிளம்பினால், மீதியை அவரே நிரப்பப்போகிறார் என்று சந்தேகிக்கலாம். படிவத்தில் உள்ள நம்பரில் சொல்லுங்கள். இதைப் பிடிக்கவே மேற்பார்வையாளர்கள் சில வீடுகளுக்குத் திரும்பப் போன் செய்து ஒருசில கேள்விகளை மறுபடி கேட்பார்கள். எரிச்சல்படாதீர்கள்.

மருந்து கொடுக்கும் ஆய்வு என்றால்

யாருக்கு எது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும், நீங்களோ டாக்டரோ அல்ல. உங்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை வரலாம். அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது, படிவத்தில் முன்பே இருக்க வேண்டிய விஷயம். சில ஆய்வுகளில் குலுக்கல் ஆள்வாரியாக இல்லாமல் ஊர்வாரியாகவோ தெருவாரியாகவோ நடக்கும். உங்களுக்குக் கிடைத்த மாத்திரையை அடுத்த ஊரிலுள்ள தங்கைக்கும் பாதி கொடுத்தால் இரண்டு ஊருக்குமான வித்தியாசம் கரைந்துபோகும். அவருக்கு ஒத்துக்கொள்ளாமலும் போகலாம்.

மீந்த மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டது போலக் காட்டக் குப்பையில் போடுகிறவர்கள் நிறைய. அப்படியே திருப்பிக் கொடுங்கள்; எண்ணிப் பார்ப்பது திட்டுவதற்கு அல்ல. பாதிப் பேர் சாப்பிடாத மருந்து “வேலை செய்யவில்லை” என்று முடிவாகிவிடும், இல்லாவிட்டால் தேவைக்கு மேல் அளவு கூட்டிவிடுவார்கள். உடம்புக்கு என்ன வந்தாலும், சம்பந்தமில்லை என்று நீங்கள் நினைத்தாலும், சொல்லுங்கள். குளியலறையில் வழுக்கி விழுந்தது மருந்து தந்த தலைச்சுற்றலாக இருக்கலாம். ஆய்வு அட்டை எப்போதும் பர்ஸில் இருக்கட்டும். அவசரத்தில் வேறு மருத்துவமனையில் சேர்ந்தால், அதிலுள்ள நம்பருக்கு அழைத்து நீங்கள் சாப்பிட்டது எது என்று அந்த டாக்டர் தெரிந்துகொள்ள முடியும்.

வீடு மாறினால், விலகினால்

நம்பர் மாறினால் சொல்லுங்கள். சேரும்போதே உறவினர் ஒருவர், நண்பர் ஒருவர் என இரண்டு மாற்று நம்பர் கொடுங்கள். ஊர் மாறியவர்களும் நோயில் விழுந்தவர்களும்தான் பெரும்பாலும் காணாமல் போகிறார்கள். மீதமிருப்பவர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் எல்லாரும் நலம் என்று தோன்றும். வீடு மாறினால் விலகியே ஆக வேண்டும் என்பதில்லை, சில சமயம் போனிலேயே தொடரலாம்.

விலக நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வழக்கமான சிகிச்சையும் கெடக்கூடாது. எந்த அளவுக்கு விலகல் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: நேரில் வர முடியாது, போன் செய்யலாம் என்பது ஒன்று, இனித் தொடர்பே வேண்டாம் என்பது ஒன்று, சேமித்த மாதிரியையும் அழியுங்கள் என்பது இன்னொன்று. ஏற்கெனவே கணக்கில் கலந்துவிட்ட தகவலைத் திரும்ப எடுக்க முடியாது. மருந்து ஆய்வில் மட்டும் மாத்திரையைத் திடீரென நிறுத்தாமல், முதலில் ஒரு போன் செய்து எப்படி நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவு கைக்கு வரும்போது

உங்கள் தனிப்பட்ட முடிவுகளைத் தருவார்களா, எந்த நாளுக்குள் என்பதைச் சேரும்போதே கேட்டு வையுங்கள். பி.பி. 180/120 என்பது போல மிக அதிகமாக இருந்தால் அன்றே சொல்லி டாக்டரிடம் அனுப்ப வேண்டும். மற்றபடி ஒருநாள் அளவை வைத்து நோய் என்று முடிவு கட்ட வேண்டாம், அந்தத் தாளை உங்கள் டாக்டரிடம் கொண்டுபோங்கள். ஊர் முழுவதற்குமான முடிவு வர வருடங்கள் ஆகலாம். எளிய மொழியில் ஒரு பக்கச் சுருக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அளவெடுத்துப் போனவர்கள் திரும்பியே பார்க்காதது பல ஊர்களின் நியாயமான குறை.

தாளில் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அலகைப் பாருங்கள். சுகர் 5.5 என்று இருந்தால் பதற வேண்டாம். அது மில்லிமோல் கணக்கு, 18-ஆல் பெருக்கினால் 99 மில்லிகிராம் வரும். கொலஸ்ட்ராலுக்கு இதே 18 செல்லாது, அதற்குப் பெருக்க வேண்டியது 38.7.